தத்துவத்தைக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கிரேக்கத் தத்துவஞானிகளைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது பெயர், ஆண்டு என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள்: "தைரியம் என்றால் என்ன?"

"பயந்து ஓடாமல் நிற்பது" என்று பிள்ளை சொல்லும். ஏதென்ஸ் தளபதி லாக்கீஸ் சாக்ரடீஸிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். "அப்படியானால் பின்வாங்கிக்கொண்டே போரிடுபவர்கள்?" என்பது சாக்ரடீஸின் மறுகேள்வி. நீங்களும் அதேபோல் கேளுங்கள்: "மாடு முட்ட வந்தால் ஓடுவது கோழைத்தனமா?" பிள்ளை யோசித்துப் பதிலை மாற்றும். அந்த இடத்தில் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிளேட்டோவின் அந்த உரையாடலும் முடிவான விடை இல்லாமல்தான் முடிகிறது. பெயரை அப்புறம் சொன்னால் போதும், மறக்காது.

அரிஸ்டாட்டிலுக்கு ஒரு டார்ச், பந்து, தட்டு. தட்டைத் திருப்பத் திருப்ப அதன் நிழல் ஒடுங்கும்; பந்தை எப்படித் திருப்பினாலும் நிழல் வட்டம்தான். சந்திர கிரகணத்தில் நிலா மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வளைந்தே இருப்பதை, பூமி உருண்டை என்பதற்கு ஒரு சான்றாக அவர் காட்டினார்.

வழியில் கிரிக்கெட் அகாடமி பலகை கண்ணில் பட்டால், அந்தச் சொல் ஏதென்ஸில் பிளேட்டோ நடத்திய பள்ளியின் பெயரிலிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.