ஆப் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? முதலில் கையை எடுங்கள்

எங்கள் போன் ரிப்பேர் கடைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல கை. டிஸ்ப்ளே மாற்றினால் ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை வழியாது. ஆனால் "ஆப் ஓப்பன் ஆகி உடனே க்ளோஸ் ஆயிடுதுங்க" என்று யாராவது போனை நீட்டினால் மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும். போன வாரம் அவன் விரல் போன இடத்தைப் பார்த்துவிட்டு மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து "டேய்!" என்று கத்திவிட்டேன், போனைக் கொடுத்தவரே ஒரு அடி பின்னால் போய்விட்டார். எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் விரலும் அதே இடத்துக்குத்தான் போனது. அன்றைக்குக் கத்துவதற்கு யாரும் இல்லை.

ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்டேட் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் கடைக்கே வருகிறீர்கள். சரிசெய்யப் போய் நாம் செய்யும் தப்புகள்தான் இங்கே.

நம் போன்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது

2021 மார்ச் 22, 23 தேதிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப்கள் ஆண்ட்ராய்டு போன்களில் வரிசையாக விழுந்தன. தப்பு ஜிமெயிலில் இல்லை. ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்று ஒன்று போனுக்குள் இருக்கிறது, இணையப் பக்கங்களைத் தனக்குள்ளேயே காட்ட வேண்டிய ஆப்கள் எல்லாம் அதைத்தான் இரவல் வாங்குகின்றன. அதற்கு வந்த ஒரு அப்டேட் சரியில்லை. வெப்வியூவின் அப்டேட்டை மட்டும் நீக்கியவர்களுக்கு உடனே சரியானது, மற்றவர்களுக்குக் கூகுள் அடுத்த அப்டேட்டை அனுப்பிச் சரிசெய்தது. நடுவில் அவசரப்பட்டு மொத்தப் போனையும் ரீசெட் அடித்தவர்கள்தான் பாவம். ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம்: 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிண்டர் எல்லாம் ஐபோனில் ஒரே நேரத்தில் விழுந்ததற்குக் காரணம், அவற்றுக்குள் இருந்த ஃபேஸ்புக்கின் நிரல்துண்டு.

அதனால் ஒரு ஆப் நேற்றுவரை ஓடி இன்று காலையிலிருந்து விழுகிறது என்றால், ப்ளே ஸ்டோரில் அதன் ரிவ்யூக்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பத்துப் பேர் அங்கே திட்டிக்கொண்டிருந்தால் போனை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

கிளியர் டேட்டா

இதுதான். இன்றுவரை எரிச்சல் அடங்காத விஷயம்.

செட்டிங்ஸில் ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போனால் கிளியர் கேஷ், கிளியர் டேட்டா என்று இரண்டு பட்டன்கள். சில போன்களில் இரண்டாவதன் பெயர் கிளியர் ஸ்டோரேஜ். ரெட்மியில் இன்னும் மோசம், கிளியர் டேட்டாவை அமுக்கினால்தான் உள்ளே இரண்டும் வரும். கேஷ் என்பது ஆப் தன் வசதிக்குச் சேர்த்து வைத்த நகல்கள், போனால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். டேட்டா என்பது நீங்கள் உள்ளே எழுதி வைத்தது. ஒன்று குப்பைக்கூடை, இன்னொன்று பீரோ. இரண்டையும் ஒட்டி ஒட்டி ஒரே அளவில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

ஒரு தையல்கார அக்கா, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வந்தார். வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் ஏதோ ஒரு சின்ன நோட்ஸ் ஆப்பில் போட்டு வைத்திருக்கிறார், அது திறக்கவில்லை. கேஷை அழித்தேன், சரியாகவில்லை. பக்கத்துப் பட்டனை அமுக்கினேன். "எல்லாம் அழிந்துவிடும், சரியா?" என்று போனே கேட்டது. நான் படிக்கவில்லை, ஓகே போட்டேன். ஆப் பளிச்சென்று திறந்தது. ஒரு பத்து விநாடி எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள இருந்ததெல்லாம் வந்துடும்ல தம்பி?" என்றார்.

வரவில்லை. அவருடைய பழைய நோட்டு மூன்று வருடத்துக்கு முன்னாலேயே நின்றிருந்தது. முந்நூறு பேரின் அளவு போச்சு. திட்டவில்லை, காசும் கொடுத்துவிட்டுப் போனார், அதுதான் இன்னும் குத்துகிறது.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பும் விழுகிறது என்று அதே போன் திரும்பி வந்தது. அப்போதுதான் ஸ்டோரேஜைப் பார்த்தேன். 16 ஜிபி போன், மிச்சம் 90 எம்பி. ஆப் திறக்கும்போதே ஏதாவது ஒரு சின்ன ஃபைலை எழுத வேண்டியிருக்கும், எழுத இடமில்லையென்றால் சுமாராக எழுதப்பட்ட ஆப் அங்கேயே மல்லாந்துவிடும். நாலு கல்யாண வீடியோவை அழித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் பத்திரமாகத் திறந்திருக்கும்.

எனவே எந்தப் பட்டனுக்கும் முன்னால் ஸ்டோரேஜைப் பாருங்கள், ஒன்றிரண்டு ஜிபியாவது காலியாக இருக்கட்டும். அடுத்து ஒரு கேள்வி: இந்த ஆப்பில் லாகின் உண்டா? இல்லையென்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கிறது. லாகின் இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். மற்றக் கணக்குகளில் லாகின் செய்யும்போது கேட்கும் கோட்களைக் காட்டும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில், அவற்றைக் கூகுள் கணக்கோடு சேமிக்கும் வசதியே 2023 ஏப்ரலில்தான் வந்தது, அதற்கு முன் அதன் டேட்டாவை அழித்தவர்கள் ஒவ்வொரு கணக்குக்காகவும் அலைந்தார்கள்.

அன்இன்ஸ்டால் செய்வதும் இதே பாவம்தான், டேட்டாவும் கூடவே போய்விடும். ப்ளே ஸ்டோரிலிருந்து பழையதன் மேலேயே அப்டேட் போட்டால் போகாது. ஐபோனில் கேஷ் பட்டன் கிடையாது, ஆனால் ஆஃப்லோட் ஆப் என்று ஒன்று உண்டு, அது ஆப்பை எடுத்துவிட்டு உள்ளே உள்ளதை வைத்துக்கொள்ளும். டெலீட் ஆப் எல்லாவற்றையும் வழித்துவிடும்.

போன வாரம் பையனிடம் ஏன்டா அங்கே போனாய் என்று கேட்டேன். "கேஷ்ல கேட்கலண்ணே, அதான் பக்கத்துல இருந்தத..." என்றான். சீட்டுக் கணக்கு ஆப் அது. ஆறு ஜிபி குட்மார்னிங் வீடியோவை அழித்ததும் திறந்தது. போன்காரர் என்னிடம், "இதுக்கு எதுக்குங்க அப்படிக் கத்துனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளியிலிருந்து இறக்கிய ஏபிகே

இப்போது நிறைய ஆப்கள் பல துண்டுகளாகப் பிரிந்து, உங்கள் போனுக்கு எது வேண்டுமோ அதுமட்டும் ப்ளே ஸ்டோரிலிருந்து வருகிறது. நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகேயில், அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைலில், பெரும்பாலும் முதல் துண்டு மட்டும்தான் இருக்கும். சில சமயம் இன்ஸ்டாலே ஆகாது, ஆனாலும் திறந்தால் விழும். அது வைரஸா இல்லையா என்பது தனிக் கவலை.

கிளீனர் ஆப், ராம் பூஸ்டர்

போடாதீர்கள்.

ஃபேக்டரி ரீசெட்

பேக்கப் எடுத்தீர்களா? அதைத் திறந்தும் பார்த்தீர்களா?

யாரோ வீடியோவில் சொன்ன டெவலப்பர் ஆப்ஷன்

ஒரு கல்லூரி மாணவன். விண்ணப்பம் நிரப்பும் ஆப், ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆப்பைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். பார்த்தால் "போன் வேகமாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டெவலப்பர் ஆப்ஷனில் டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ் என்பதை ஆன் செய்து வைத்திருக்கிறான். நீங்கள் ஒரு திரையைவிட்டு நகர்ந்த நொடியே அதை அழித்துவிடும் வசதி அது, ஆப் எழுதுகிறவர்கள் சோதனைக்காக வைத்துக்கொள்வது. அணைத்துக் கொடுத்தேன், அரை நிமிட வேலை. காசு கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்கும் பையனுக்கும் டீ சொல்லிவிட்டுப் போனான்.