தோட்டத்து ஓடைக்கரையில் காட்டுயிர்களுக்காக மரம் நடும் முறை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள சுங்கை பட்டாணியைச் சுற்றிலும் பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப் பனை) நின்ற நிலங்கள் பல, இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. வடக்கே 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குனோங் ஜெராய்க் காட்டுக்கும், மேற்கே மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காட்டுக்கும் இடையே பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் தங்கிச் செல்ல ஏற்றவை ஓடைக்கரைகளே. ஆகவே, ஊரார் ஒன்றுகூடி மரம் நடுவதாயின், திடலோரத்தை விட்டுவிட்டு ஓடைக்கரையைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதல் வேலை அனுமதி பெறுவது. ஐந்து மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டரும், ஐந்து முதல் பத்து மீட்டர் வரை அகலமுள்ளதற்கு 10 மீட்டரும் ஆற்றோர ஒதுக்கு நிலமாக விடப்பட வேண்டும் என்பது வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. அத்துறையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். தூர்வாரும் இயந்திரம் எந்தப் பக்கமாக இறங்கும் என்பதையும் கேட்டு அந்த வழியை விட்டுவிடுங்கள். களைக்கொல்லி தெளிப்பவர்கள் நீங்கள் மரம் நடும் நிலப்பட்டையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது மரத் தேர்வு. இதில்தான் பொறுமை தேவை. ஒரே வகைக் கன்றை நூற்றுக்கணக்கில் வாங்கி வரிசையாக நட்டால் கிடைப்பது இன்னொரு தோட்டமே தவிர, காடு அன்று. யார் வந்து எதை உண்ணும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தி, ஆல் இனங்களில் மரத்துக்கு மரம் வெவ்வேறு காலத்தில் பழுப்பதால், மற்ற மரங்களில் பழமில்லாத மாதங்களிலும் இருவாச்சிக்கும் மரநாய்க்கும் உணவு கிடைக்கும். வேர் வலுவானது என்பதால் இவற்றை வீடு, கால்வாய்ச் சுவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி நட வேண்டும். நீர் தேங்கினாலும் தாங்கும் நாவல், கரையோரத்தில் விரைந்து வளரும் கடம்பு, இரவில் பூத்து வௌவாலை அழைக்கும் பெத்தாய் ஆகியவற்றைச் சேர்த்து, ஓரங்களில் சிறு பறவைகளுக்காகச் செண்டுடோக் புதர்களை வையுங்கள். வௌவால் வேண்டாம் என்பவர்களிடம், டுரியான் பூவின் மகரந்தச் சேர்க்கைக்கும் அவையே பெரிதும் காரணம் என்று எடுத்துச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைத்தாலும் அக்காசியா மேஞ்சியம் வேண்டாம். தானாகப் பரவி மற்றவற்றை அமுக்கிவிடும்.

100 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட பட்டையில் இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டால் ஏறத்தாழ 80 கன்றுகள் தேவைப்படும். ஒரே வகை அடுத்தடுத்து வராமல் கலந்து நடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வடமாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் கடும் வறட்சியானவை. பள்ளி விடுமுறையை நோக்கி டிசம்பரில் நடும் வழக்கம் கன்றுகளுக்கு நல்லதன்று. செப்டம்பரில் நட்டால், வெயில் தொடங்கும் முன் வேர் ஆழமாக இறங்கிவிடும்.

நடும் நாளில், சங்கோலால் (மண்வெட்டியால்) வேர்மண்ணைப் போல் இருமடங்கு அகலத்துக்குக் குழி வெட்டுங்கள். ஆழம் வேர்மண்ணின் உயரத்துக்கு மேல் வேண்டாம். கன்று வளர்ந்த பாலிபேக்கை (பிளாஸ்டிக் பையை) கத்தியால் நெடுக்காகக் கீறி முழுவதுமாக அகற்றிய பின், அடியில் வளையமாகச் சுற்றியிருக்கும் வேரை விரலால் பிரித்து, சுருண்ட நுனியை வெட்டிவிடுங்கள். அப்படியே நட்டால், பல ஆண்டுகள் கழித்து மரம் காற்றில் சாயக்கூடும். தண்டு பையில் இருந்த அளவுக்கே மண்ணுக்குள் இருக்கட்டும். செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெற்றுக் குலைகள் கிடைத்தால், தண்டைத் தொடாமல் ஒரே அடுக்காகச் சுற்றிலும் பரப்பலாம். குவியலாகப் போட்டால், செம்பனையை அழிக்கும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். தோட்டத்தார் கோபப்படுவதிலும் நியாயம் உண்டு.

அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குக் கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் லாலாங் புல்லை இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். மாடு மேயும் இடமாயின் வேலி கட்டாயம். வறட்சியில் வாரம் இருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுங்கள். எலிக்கு நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும்.

நிழல் படர்ந்ததும், நீங்கள் நடாத கன்றுகள் சில முளைக்கும். பறவைகளும் வௌவால்களும் எச்சத்தில் கொண்டுவந்த விதைகள் அவை. களை எடுப்பவர்கள் தெரியாமல் வெட்டிவிடாதபடி, அவற்றின் அருகே குச்சி நட்டுச் சிவப்பு நாடா கட்டி வையுங்கள்.