கொக்கோஸ் தீவுகளைப் படிக்கிற முறை

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். தீவுக்கூட்டம் என்றதும் பிள்ளைகள் பரப்பளவையும் சனத்தொகையையும் பாடமாக்க வெளிக்கிடுவார்கள். கொக்கோஸ் கீலிங் தீவுகளையாவது அப்படிப் படிக்க வேண்டாம். இந்து சமுத்திரத்தில் இருக்கிற அவுஸ்திரேலியத் தீவுகள் அவை, முன்பு கொழும்பிலிருந்து இரண்டு தடவை நிர்வகிக்கப்பட்டவை.

முதலில் அட்லஸை விரியுங்கள். கொழும்பிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். தென் அகலக்கோடு 12 பாகையும் கிழக்கு நெடுங்கோடு 97 பாகையும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

பிறகு கொப்பியில் பெரிதாக ஒரு குதிரைலாடம் கீறுங்கள். நடுவில் களப்பு. இடது பக்கம் நீளமாக வெஸ்ட் தீவு, விமான ஓடுபாதை அங்கேதான். வலது பக்கம் ஹோம் தீவு. கொக்கோஸ் மலாய் மக்களின் ஊர். இரண்டுக்கும் இடையில் படகு ஓடும். மேலே ஹோர்ஸ்பரோ தீவைக் குறியுங்கள். இன்னும் 24 கிலோமீற்றர் வடக்கே தனியாக வட கீலிங். மொத்தம் 27 தீவுகள், 14 சதுர கிலோமீற்றர். ஆட்கள் இருப்பது முதலில் சொன்ன இரண்டில் மட்டும், சுமார் 600 பேர்.

அடுத்தது காலக்கோடு. 1857இல் பிரித்தானியா உரிமை கொண்டாடியது. 1878இல் இலங்கை ஆளுநரின் பொறுப்பு, 1886இல் சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்ட மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுக்கு மாற்றம். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழ, மறுபடியும் இலங்கை. அந்த மே மாதம் ஹோர்ஸ்பரோவில் இருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆகஸ்டில் அவர்களில் மூன்று பேர் பொரளையிலுள்ள வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பொரளைப் பக்கம் பஸ்ஸில் போய்வருகிற பிள்ளைகளுக்கு இதை நான் கட்டாயம் சொல்லுவேன். 1955 நவம்பர் 23இல் தீவுகள் அவுஸ்திரேலியாவுக்குப் போயின.

அரசியல் நிலைக்கு மூன்று கேள்வி போதும். யாருடைய சட்டம்? 1992 முதல் பெரும்பாலும் மேற்கு அவுஸ்திரேலியாவின் சட்டம். வாக்கு எங்கே? அவுஸ்திரேலியாவின் வட ஆட்சிப்புலத்தின் லிங்கியாரி தொகுதியில். சட்டம் ஓரிடம், வாக்கு இன்னோரிடம். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, நிலம் யாருடையது? இதில் ஆறுதலாக நில்லுங்கள். ஒன்றரை நூற்றாண்டாகத் தீவுகள் குளூனிஸ் ரோஸ் குடும்பத்தின் கையில் இருந்தன. தோட்டத்தில் உழைத்த மலாய் மக்களுக்குக் கூலி, காசுக்குப் பதிலாக அந்தக் குடும்பமே அடித்த வில்லைகள். அவை குடும்பத்தின் கடையில் மட்டும் செல்லும். 1978இல் அவுஸ்திரேலியா 62.5 இலட்சம் டொலருக்குப் பெரும்பகுதி நிலத்தை வாங்கியது. 1984 ஏப்ரல் 6இல் ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் அந்த மக்கள் வாக்களித்தார்கள்: அவுஸ்திரேலியாவுடன் இணைய 229, சுதந்திரக் கூட்டுறவுக்கு (தம்மைத் தாமே ஆண்டுகொண்டு அவுஸ்திரேலியாவுடன் தொடர்பு வைப்பதற்கு) 21, தனிநாட்டுக்கு 9.

பரீட்சையில் "அவுஸ்திரேலியாவின் மாநிலம்" என்று எழுதினால் பிழை. "வெளி ஆட்சிப்புலம்" என்று எழுதுங்கள், பக்கத்தில் மக்கள் இணைய வாக்களித்த 1984 என்ற ஆண்டையும் போடுங்கள்.