கவுன்சிலருக்கு நிற்கப் போகிறீர்களா? முதலில் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறதென்று பாருங்கள்

கோவில்பட்டியில் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. உள்ளாட்சித் தேர்தல் வாடை அடித்துவிட்டால் பட்டா மனு, வாரிசு மனு எல்லாம் ஓரமாகப் போய்விடும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்மன்றங்களுக்கு 5 வருஷம்தான் ஆயுள். அது முடியப் போகிறதென்றால், "அண்ணாச்சி, இந்த வாட்டி நம்ம வார்டுல நிக்கலாம்னு இருக்கேன்" என்று ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். என்ன கட்சி, எவ்வளவு செலவழிப்பீர்கள் என்றெல்லாம் நான் கேட்பதில்லை. "ஓட்டு எங்க இருக்கு?" என்றுதான் கேட்பேன்.

"சொந்த வீடே இருக்குல்லா அண்ணாச்சி" என்பார்கள். வீட்டுப் பத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஓர் ஊரில் வீடு வைத்திருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார். வேலை நிமித்தம் கொஞ்ச நாள் வெளியூர் போனதால் மட்டும் வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிட மாட்டார். ஆகவே வாடகை வீட்டில் குடியிருப்பவர் தாராளமாக நிற்கலாம். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு சென்னையில் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

எத்தனை வருஷம் குடியிருந்தீர்கள் என்ற கணக்கு நம் ஊரில் இல்லை. 21 வயது நிறைந்து, அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் சரி. அமெரிக்காவில் சிகாகோ மேயருக்கு நிற்பவர் தேர்தலுக்கு முந்தைய ஒரு வருஷம் முழுக்க அங்கே வசித்திருக்க வேண்டும். ஒபாமாவிடம் வேலை பார்க்க வாஷிங்டன் போன ராம் இமானுவேல், சிகாகோ வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அவர் வசிப்பவரா இல்லையா என்று வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'நிற்க முடியாது' என்றது. மூன்றே நாளில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிறகு அவர் ஜெயித்தார். நமக்கு அந்தத் தலைவலி கிடையாது. இங்கே எல்லாம் பட்டியலில் உள்ள ஒரு வரிதான். அந்த வரி இல்லாவிட்டால் வேட்புமனுப் பரிசீலனை நாளில் மனு தள்ளுபடி.

சரி, பட்டியலை எப்படிப் பார்ப்பது? வாக்காளர் அட்டையில் 'கோவில்பட்டி' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது சட்டமன்றத் தொகுதியின் பெயர். அந்தத் தொகுதியில் நகராட்சியும் இருக்கிறது, கயத்தாறு, கழுகுமலைப் பேரூராட்சிகளும் இருக்கின்றன, ஊராட்சிகளும் இருக்கின்றன. இலுப்பையூரணி, மந்தித்தோப்புப் பக்கம் வீடு கட்டியவர்கள் விலாசம் எழுதும்போது கோவில்பட்டி என்றுதான் எழுதுவார்கள். என்னிடம் சுலபமான சோதனை ஒன்று உண்டு: வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பணம் வாங்கியது நகராட்சியா, ஊராட்சியா? ஊராட்சி என்றால் நகர்மன்றத்துக்கு நிற்கும் ஆசையை விட்டுவிட்டு ஊராட்சித் தேர்தலைப் பாருங்கள்.

போன தடவை ஓட்டுப் போட்டேனே என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். 2025 கடைசியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சம் பெயர்களுக்கு மேல் போயின.

இனி முக்கியமான சங்கதி. 2016 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. பல வருஷம் வார்டில் உழைத்த கட்சிக்காரர், வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் வீட்டுக்காரம்மாவை நிறுத்தலாம் என்று என்னிடம் ஓடி வருவார். (அந்த அம்மாவிடம் கேட்டீர்களா என்று நான் கேட்பதுண்டு. பதில் பெரும்பாலும் சிரிப்புதான்.) "மதினி ஓட்டு எங்க இருக்கு?" என்றால், "அவ பேரு இன்னும் சாத்தூர்லதான் அண்ணாச்சி, அம்மா வீட்டு விலாசத்துல" என்பார். கல்யாணமாகிப் பிள்ளை காலேஜ் போயிருக்கும், ஓட்டு மட்டும் பிறந்த ஊரிலேயே கிடக்கும். ரேஷன் கார்டை மாற்றுகிறோம், கேஸ் கனெக்‌ஷனை மாற்றுகிறோம், இதை விட்டுவிடுகிறோம்.

இதற்குப் படிவம் 8. அதில் 'குடியிருப்பு மாற்றம்' என்பதைக் குறிக்க வேண்டும். படிவம் 6 புதிதாகச் சேருகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஓட்டு இருப்பவர் அதை எழுதிக் கொடுக்கக் கூடாது. வேறெங்கும் என் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி இருக்கிறது. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு ஊரிலும் பெயர் இருந்தால் எதிர்க்கட்சிக்காரர் பரிசீலனை மேசையில் அதைத்தான் எடுத்துப் போடுவார்.

முகவரிக்கு ஆதார், வங்கி பாஸ்புக், கரண்ட் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வாடகை வீட்டில் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தமும் உதவாது. அதனால் ஆதாரில் விலாசத்தை முதலில் மாற்றிவிடுங்கள். வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், ஆட்சேபணைக்கும் அவகாசம் விட வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு இதைத் தொடங்கினால் நான் என்ன, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெயர் நகராட்சிப் பட்டியலில் வந்துவிட்டதா? இனி எந்த வார்டிலும் நிற்கலாம், குடியிருக்கிற வார்டிலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. கோவில்பட்டியில் 36 வார்டு. 5-ல் குடியிருந்துகொண்டு 20-ல் நிற்கலாம். ஆனால் முன்மொழிகிறவர் அந்த 20-ஆவது வார்டு வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். கூடவே சுற்றுகிற மச்சான் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தால், மச்சான் ஓட்டு எந்த வார்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயர் உள்ள பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக் கையில் வையுங்கள். மனுவில் பாகம் எண், வரிசை எண், பெயர் எல்லாம் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே 'முத்துலெட்சுமி' என்றிருந்தால் நோட்டீஸில் எப்படிப் போட்டிருந்தாலும் மனுவில் 'முத்துலெட்சுமி'தான். டெபாசிட் 2022-இல் நகராட்சி உறுப்பினருக்கு 2,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000. இந்த முறை எவ்வளவு என்பதை அறிவிப்பு வந்ததும் பார்த்துக் கட்டுங்கள், ரசீதை மனுவோடு பின் அடித்துவிடுங்கள்.