வன்னியிலிருந்து வரும் டொக்டர்மாருக்கு: நியூக்ளியர் மெடிசினுக்குப் போகிற வழி

அண்மையில் மல்லாவிப் பக்கத்துத் தம்பி ஒருவர் லண்டன் வந்திறங்கி இரண்டாம் நாள் போன் எடுத்தார். பாங்க் எக்கவுண்ட் இன்னும் திறக்கவில்லை, குளிருக்கு நல்ல ஜக்கெட்டும் வாங்கவில்லை. கேட்ட முதற் கேள்வி: “அண்ணை, நியூக்ளியர் மெடிசினுக்கு எப்படி அப்ளை பண்ணுறது?”

தம்பி, கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்தி ஸ்கான் எடுக்கிற அந்தத் துறை வீட்டின் உள்ளறை. முதலில் படலையைத் திறக்க வேண்டும்.

கடதாசிகளில் தொடங்குவோம், எங்கள் பிள்ளைகள் மாட்டுப்படுவது அங்கேதான். பலருடைய பிறப்புச் சான்றிதழும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன. பிறகு எடுத்த பிரதிகளில் ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும் இருக்கும், மூன்றாவதில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். ஊரில் இதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. இங்கே டொக்டர்மாரைப் பதிவு செய்கிற ஜிஎம்சி (பொது மருத்துவ சபை) உங்கள் பாஸ்போர்ட்டையும் எம்பிபிஎஸ் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். விமானம் ஏறுமுன் பெயர்களைச் சரிசெய்துவிடுங்கள். இலங்கை மருத்துவ சபையின் நன்னடத்தைச் சான்றிதழையும் ஒழுங்கு செய்யுங்கள். அப்புறம், நீங்கள் பயிற்சிக்குத் தயார் என்று சொல்கிற கிரெஸ்ற் என்றொரு படிவம் இருக்கிறது. மேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். உங்களோடு தொடர்ந்து மூன்று மாதமாவது வேலை செய்த கன்சல்டன்ற் (சிறப்பு மருத்துவர்) அதில் கையெழுத்திட வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ உங்களை நன்றாகத் தெரிந்த கன்சல்டன்ற் இருக்கும்போதே அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஆங்கிலம். ஐஈஎல்ரிஎஸ் பரீட்சை என்றால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஈடி என்றால் நான்கு பகுதியிலும் பி. என் அபிப்பிராயம் ஓஈடிதான். நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுதுவது எங்களுக்குப் பழகின வேலை. பிறகு ஜிஎம்சி பதிவுக்கான பிளாப் பரீட்சை. அதன் முதற் பகுதி மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். இரண்டாம் பகுதியை மான்செஸ்டரில் மட்டுந்தான் வைக்கிறார்கள்: நோயாளியைப் பார்ப்பது போன்ற 16 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம்.

எட்டு நிமிடம் எங்களுக்குத் தாராளம், பிரச்சினை வேறு இடத்தில். ஓபிடியில் நூறு பேர் வரிசையில் நிற்க, “இதைக் குடியுங்கோ, ஒரு கிழமையால வாங்கோ” என்று பழகிய வாய் எங்களுடையது. மான்செஸ்டரில் நோயாளியாக நடிக்கிற அம்மா, தன் கவலை என்ன என்று நீங்கள் கேட்பீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதற்தடவை நான் கேட்கவில்லை. விழுந்தேன்.

ஜிஎம்சி பதிவு கிடைத்ததும் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிளாப் முடித்துவிட்டு மாதக்கணக்கில் லண்டன் ஈஸ்ட்ஹாமில் அறை வாடகை கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். 2025இல் வெளியான அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் இங்கே படித்த பட்டதாரிகளுக்கும், அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸில் கணிசமான காலம் வேலை செய்தவர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. ஆகவே கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். லண்டன்தான் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். தோசை கிடைக்காத சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கிடைக்கிற முதல் வேலை பெரிய வேலை.

சரி, இனி உள்ளறை. நியூக்ளியர் மெடிசின் பயிற்சிக்குள் நேராக நுழைய முடியாது. பொது மருத்துவத்தில் இரண்டு ஆண்டாவது பயிற்சி பெற்று, எம்ஆர்சிபி என்ற மருத்துவப் பரீட்சையை முழுதாக முடிப்பது வழமையான வழி. அதன் பிறகு ஆறு ஆண்டு. முதல் மூன்றில் கதிரியக்கவியல் (ரேடியோலஜி) படித்து எஃப்ஆர்சிஆர் பரீட்சை எழுத வேண்டும், பின் மூன்றில் நியூக்ளியர் மெடிசின். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சில இடங்கள்தான். கதிரியக்கவியலுக்குள் நேராகப் போய், கடைசியில் இந்தப் பக்கம் திரும்புகிற வழியும் உண்டு. அங்கே போட்டி இன்னும் கடுமை. எல்லாம் முடித்தாலும், கதிரியக்க மருந்தை நோயாளிக்குக் கொடுக்க ஆளுக்குத் தனி உரிமம் எடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? திங்கட்கிழமை காலையில் ஒரு டிபார்ட்மென்ற்றுக்குப் போய்ப் பாருங்கள். ஈயக் கவசத்துக்குள் ஒரு ஜெனரேற்றர் இருக்கும், கரண்ட் தருவதல்ல, கதிரியக்கப் பொருள் தருவது. உள்ளே மொலிப்டினம் 99 என்ற கதிரியக்கப் பொருள், அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 66 மணி நேரம். அது சிதைந்து டெக்னீசியம் 99எம் ஊறிக்கொண்டிருக்கும், அதன் அரை ஆயுள் ஆறே மணி நேரம். உப்புத் தண்ணீர் விட்டு அதைக் கழுவி எடுப்பார்கள். இந்த வேலைக்கு இங்குள்ளவர்கள் வைத்த பெயர் பால் கறப்பது, ஜெனரேற்றர் பசு! முரசுமோட்டையில் மாட்டுக்கொட்டிலோடு வளர்ந்த எனக்கு முதல் நாளே சிரிப்பு வந்துவிட்டது. கறந்து ஒரு நாள் விட்டால் திரும்பச் சுரந்திருக்கும். நாளாக நாளாகப் பால் குறையும். கறந்ததை எலும்புக்குப் போகிற மருந்தோடு சேர்த்தால் எலும்பு ஸ்கான், சிறுநீரகத்துக்குப் போகிறதோடு சேர்த்தால் சிறுநீரக ஸ்கான்.

சிறுநீரக நோய் அதிகமான செட்டிகுளம் பக்கம் வேலை செய்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரத்தத்தில் கிரியற்றினின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, இடது சிறுநீரகம் எத்தனை வீதம் வேலை செய்கிறது, வலது எத்தனை என்று கோட்டுப்படத்தில் பார்ப்பது தனி அனுபவம். ஸ்கான் இல்லாத இடத்தில் கையாலும் காதாலும் நோயைக் கண்டுபிடித்த பழக்கத்தை இங்கே வந்து தொலைத்துவிடாதீர்கள். எலும்பு ஸ்கானில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது புற்றுநோயா, மரத்திலிருந்து விழுந்த பழைய முறிவா என்பது பல வேளை நோயாளியிடம் கேட்டால்தான் தெரியும்.

வீட்டில் கேட்பார்கள், “கதிர் அடிக்கிற வேலையாமே, பிள்ளை பெறலாமோ?” என்று. இங்கே கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்குச் சட்டம் வைத்த எல்லை ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் (கதிர்வீச்சை அளக்கிற அலகு). கதிரை அளக்கச் சட்டையில் குத்துகிற பட்ஜில் எங்களுக்குப் பதிவாவது அதைவிட மிகக் குறைவு. கர்ப்பம் என்று அறிவித்த பெண்களுக்குத் தனி எல்லை, தனி ஏற்பாடு உண்டு. அந்தப் பட்ஜோடு சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு விளக்கம் எழுதிக் கொடுத்தவன் நான், நீங்கள் கவனம்.

வேலையில் இருந்து ஒரு வருடமாகுமுன் ஊரிலிருந்தும் போன் வரத் தொடங்கும். “தம்பி, அம்மாவுக்கு எலும்பு ஸ்கான் எழுதியிருக்கினம், வேனில தூரம் போகவேணும். ஊசி போட்டாப் பிறகு ஏன் மூண்டு மணித்தியாலம் இருக்கச் சொல்லினம்?” படித்த ஆங்கிலம் முழுவதும் அப்போது தொண்டைக்குள் நிற்கும். நான் இப்படிச் சொல்வேன்: “மருந்தை எலும்பு குடிக்க நேரம் வேணும் அக்கா. மிச்சம் சலத்தோட போகவேணும், அம்மாவுக்கு நிறையத் தண்ணி குடுங்கோ.”

அக்கா உடனே உள்பக்கம் திரும்பி, செம்பு எங்கே என்று கேட்டது போனில் கேட்டது.