நெல் உலர்த்தும் செலவில் காபன் வரி எவ்வளவு? கணக்கிடும் முறையும் அதன் அரசியலும்

கனடாவில் உறவினர் இல்லாத வீடு திருகோணமலையில் குறைவு. அதனால், எரிபொருள் எரியும்போது வெளியாகும் காபனீரொட்சைட்டுக்கு அறவிடும் காபன் வரி பற்றி அந்நாட்டில் எழுந்த சண்டை தம்பலகாமத்து வயல் வரம்பு வரைக்கும் வந்து சேர்ந்தது. தானியத்தை உலர்த்துவதற்குக்கூட வரி வாங்குகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டவர்கள், இங்கும் அது வந்தால் நம் நிலை என்ன என்று கேட்டார்கள். கோபப்படுவதற்கு முன்னர் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கொப்பியும் ஈரப்பதன்மானியும் இருந்தால் போதும்.

வரி நெல்லின் மீது விழுவதில்லை; நெல்லிலிருந்து நீரை வெளியேற்ற எரிக்கும் எரிபொருளின் மீதே விழுகிறது. ஆகவே முதலில் அறிய வேண்டியது நீரின் அளவு. வெட்டு இயந்திரத்திலிருந்து கொட்டப்பட்ட நெல்லின் ஈரப்பதன் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதம். எட்டுச் சதவீதம்தானே குறைய வேண்டும் என்று எண்ணி ஒரு தொன்னுக்கு 80 கிலோ எனக் கழிப்பது பலரும் விடும் பிழை. 1,000 கிலோ நெல்லில் நீர் நீங்கலாக 780 கிலோ இருக்கிறது. அந்த 780 கிலோ, உலர்ந்த நெல்லின் 86 சதவீதமாக அமைய வேண்டுமானால் மொத்த நிறை 907 கிலோவாகும். அதாவது வெளியேற வேண்டிய நீர் 93 கிலோ.

அடுத்தது எரிபொருள். சாதாரண உலர்த்தி ஒன்று ஒரு கிலோ நீரை அகற்ற ஏறக்குறைய 5 மெகாயூல் வெப்பத்தைச் செலவழிக்கும். பழைய உலர்த்தியானால் இன்னும் கூடும். ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாயூல் உண்டு. எனவே 93 கிலோ நீருக்கு 13 லீற்றர் டீசல் தேவை. ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாவதால், ஒரு தொன் நெல்லுக்கு 35 கிலோ என்று எழுதிக்கொள்ளுங்கள். 18 சதவீத ஈரத்தில் வெட்டியிருந்தால் இந்தத் தொகை பாதியாகும். மழைக்குள் 26 சதவீதத்தில் வெட்டியிருந்தால் ஒன்றரை மடங்காகும். ஒரே வயல், ஒரே விளைச்சல், ஆனால் மழை பெய்த வருடத்தில் வரி மூன்று மடங்கு. இந்த விடயத்தில் எழும் அரசியல் முழுவதற்கும் வேர் இதுதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். 22 சதவீத ஈரத்தில் 10 தொன் நெல், டீசல் லீற்றர் 280 ரூபா என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 36,400 ரூபா வேண்டும். (சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வாழ்வதால் நமக்கு விலை ஒரு சதமும் குறைவதில்லை.) கனடாவில் 2024இல் இருந்த, காபனீரொட்சைட்டுத் தொன்னுக்கு 80 கனேடிய டொலர் என்ற வீதத்தை அப்படியே இங்கு கொண்டுவந்தால், ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 17,000 ரூபா வரும். அது டீசல் லீற்றருக்கு 46 ரூபா. பத்துத் தொன் நெல்லுக்கு 6,000 ரூபா. உலர்ந்த நெல்லில் கிலோவுக்கு 66 சதம். கூலி, மின்சாரம், உலர்த்தியின் வாடகை ஆகியவை இதற்கு வெளியே.

இத்தொகை பெரியதா, சிறியதா என்பதை வைத்துப் பார்க்க ஒரு எல்லை விலை வேண்டும். உலர்ந்த நாட்டு வகை நெல்லை 2025இல் அரசாங்கம் அறிவித்த 120 ரூபாவுக்கு விற்றால், 9,070 கிலோவுக்கு 10,88,400 ரூபா கிடைக்கும். அதில் 36,400 ரூபாவைக் கழித்து, ஈர நெல்லின் 10,000 கிலோவால் வகுத்தால் 105 ரூபா 20 சதம் வருகிறது. களத்துக்கே வரும் வியாபாரி அதற்கு மேல் தந்தால் ஈரமாகவே விற்பது இலாபம். கூலி, வாடகை முதலிய மற்றச் செலவுகளையும் ஈடுசெய்யும் அளவுக்குக் குறைவாகத் தந்தால் உலர்த்துவது இலாபம். வரியையும் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லை 104 ரூபா 60 சதத்துக்கு இறங்கும். நகர்வு வெறும் 60 சதம். அதே வியாபாரி 70 கிலோ மூடைக்கு ஒரு கிலோ ‘கழிவு’ என்று பிடித்தால் கிலோவுக்கு ஒன்றரை ரூபா போய்விடுகிறது. அந்தக் கழிவைப் பற்றிப் பேச எந்தக் கட்சியும் மேடை போட்டதை நான் கண்டதில்லை.

ஆனால் இந்த 60 சதம் யாருடைய பக்கம் சேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய அரிசி ஆலைகள் உமியை எரித்து உலர்த்துகின்றன. ஒரு தொன் நெல்லிலிருந்து ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கும். அதிலுள்ள வெப்பம் அந்த நெல்லை உலர்த்தத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகம். டீசல் மீதான வரி உமியைத் தொடுவதில்லை. எனவே வரி வந்தால் டீசல் உலர்த்தியை வாடகைக்கு எடுக்கும் விவசாயியின் செலவு கூடும், ஆலையின் செலவு அப்படியே நிற்கும், ஈர நெல்லுக்கு அவர்கள் சொல்லும் விலை சற்றுக் கீழே போகும். வெயிலையும் வீதியையும் நம்பிப் படங்கில் நெல் பரப்புகிறவருக்கு வரிச் சீட்டு எதுவும் வராது; ஆனால் விலையில் அவரும் அதைச் செலுத்துவார்.

கனடாவில் நடந்ததை இந்தக் கண்ணோடு படித்தால் தெளிவாக விளங்கும். கூட்டாட்சி எரிபொருள் கட்டணம் 2019இல் தொன்னுக்கு 20 டொலரில் தொடங்கியது. பண்ணை இயந்திரங்களின் பெற்றோலுக்கும் டீசலுக்கும் விலக்கு இருந்தது. தானியம் உலர்த்தும் இயற்கை வாயுவுக்கும் புரொப்பேனுக்கும் இருக்கவில்லை. அந்த ஆண்டின் இலையுதிர்காலமோ கடும் ஈரமாக அமைந்தது. விவசாயிகள் வேறு வழியின்றி உலர்த்தினார்கள், கட்டணச் சீட்டில் அந்தத் தொகை தனியாக அச்சிடப்பட்டிருந்தது. நீரைத் தாமே கொண்டுவந்து சேர்க்காதபோது தமக்கு ஏன் தண்டம் என்ற கேள்வி நியாயமாகவே பட்டது. பின்னர் அரசாங்கம் பண்ணையின் மொத்தச் செலவைக் கணக்கிட்டு, ஆயிரம் டொலருக்கு ஒன்றரை டொலர் அளவில் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அதிகம் உலர்த்தியவருக்கும் உலர்த்தாதவருக்கும் ஒரே அளவுகோல். உலர்த்தும் எரிபொருளுக்கு விலக்குக் கோரிய சி-234 சட்டமூலம் 2023 மார்ச்சில் கீழவையில் நிறைவேறி, டிசம்பரில் செனற் சபையில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்து, சட்டமாகாமலே முடிந்தது. 2025 ஏப்ரல் முதலாம் திகதி நுகர்வோர் கட்டணமே நீக்கப்பட்டது.

இலங்கையிலும் காபன் வரி என்ற பெயர் புதிதன்று. 2019இல் வாகனங்களின் எஞ்சின் கொள்ளளவையும் வயதையும் வைத்து அது அறவிடப்பட்டது. ஆட்சி மாறியதும் நீங்கியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே தொகை என்பதால் அது எரிபொருள் வரியே அல்ல. உலர்த்தியோடும் அதற்குத் தொடர்பில்லை. யாராவது பழைய வரி மீண்டும் வருகிறது என்று சொன்னால், எதன் மீது, எந்த அலகில் என்று முதலில் கேளுங்கள்.

எரிபொருள் மீதான வரி உண்மையாகவே முன்மொழியப்பட்டால், கமக்காரர் அமைப்பு எதைக் கோருவது? பம்பில் விலக்குக் கேட்பது இலகு. ஆனால் பழுதான உலர்த்திக்கும் நல்ல உலர்த்திக்கும் அதில் வேறுபாடு இல்லை, பயிர்ச்செய்கையோடு தொடர்பில்லாதவரும் உள்ளே புகுந்துவிடுவார். என் எண்ணம், உலர்த்தி விற்ற நெல்லின் கிலோவுக்கு நிலையான தொகையைத் திருப்பித் தரும்படி கேட்பதே நல்லது. நெற் களஞ்சியத்தில் எடையும் ஈரப்பதனும் எப்படியும் அளக்கப்படுவதால் தனிச் சான்று தேவையில்லை. மழை மிகுந்த பெரும்போகத்துக்கு அத்தொகை உயர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம். மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பகுதிகளுக்குப் பொதுவாக உமியில் இயங்கும் உலர்த்திகளைக் கேட்பது இதைவிடவும் பெரிய கோரிக்கை. அது நிறைவேறினால் டீசல் கணக்கே தேவைப்படாது.

எதைக் கேட்டாலும் கையில் பதிவு வேண்டும். களத்துக்கு வந்த அன்றே ஈரப்பதனை அளந்து எழுதுங்கள். மூடையின் வாயிலிருந்து மாதிரி எடுக்காதீர்கள். மேலே காற்றுப்பட்ட நெல் காய்ந்திருக்கும். கையை முழங்கை வரை உள்ளே விட்டால் நடுவில் வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். அங்கிருந்து ஒரு பிடி எடுங்கள். பல்லில் வைத்தால் டிக்கென்று முறியாமல் நசுங்கினால், மானி என்ன காட்டினாலும் இன்னொரு முறை அளந்து பாருங்கள். விதை நெல்லாயின் உலர்த்தும் காற்று 43 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. அதற்குரிய டீசலைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இயக்குமுன் தாங்கியில் இருந்த டீசல், நிறுத்திய பின் மிஞ்சிய டீசல், உலர்ந்த நிறை ஆகிய மூன்றும் திகதியோடு இருந்தால், நான் மேலே எடுத்துக்கொண்ட 5 மெகாயூலை அழித்துவிட்டு உங்கள் உலர்த்தியின் சொந்த எண்ணை அங்கே எழுதலாம்.