ஃபர்ம்லி: கெட்டியாகவா, கறாராகவா, உறுதியாகவா?

இங்கிலீஷில் 'ஃபர்ம்லி' (firmly) என்றால் 'உறுதியாக' என்று மட்டும் மனப்பாடம் செய்தால், வாக்கியம் போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். நம்ம வடசென்னையில் தினமும் காதில் விழுவதை வைத்தே பழகிப் பார்க்கலாம்.

படி 1: கை வேலை

காசிமேட்டில் படகைக் கட்டும்போது 'கயித்தைக் கெட்டியா புடி' என்பார்கள். 'ஹோல்ட் த ரோப் ஃபர்ம்லி.' எதைப் பிடிக்கிறோமோ அது முதலில், ஃபர்ம்லி கடைசியில். 'ஹோல்ட் ஃபர்ம்லி த ரோப்' என்று நடுவில் செருகினால் காதில் உறுத்தும். பிரஸ், டை, குளோஸ் எல்லாவற்றுக்கும் இப்படியே.

படி 2: வாய் வேலை

எம்.சி. ரோட்டில் புடவை பேரம் நடக்கிறது. 'கட்டுப்படி ஆகாதும்மா' என்று கடைக்கார அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். 'ஷி ஃபர்ம்லி ரெஃப்யூஸ்டு டு ரெட்யூஸ் த பிரைஸ்.' இப்போது வினைச்சொல்லுக்கு முன்னால் வந்துவிட்டது, பார்த்தீர்களா? 'ஷி செட் நோ ஃபர்ம்லி' என்றும் சொல்லலாம். ஆனால் இதில் கோபம் கிடையாது. அக்கா சிரித்துக்கொண்டே மறுத்தாலும் ஃபர்ம்லிதான். கத்தி அனுப்பினால் அது 'ஆங்க்ரிலி'.

படி 3: மனசு

'ஐ ஃபர்ம்லி பிலீவ்.' நான் உறுதியாக நம்புகிறேன். இன்டர்வியூவில் சிலர் எல்லாப் பதிலையும் இதிலேயே ஆரம்பிக்கிறார்கள். ஒரு தடவை போதும் சாமி!

படி 4: வரக்கூடாத இடம்

தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். 'பி ஃபர்ம்லி' கிடையாது, 'பி ஃபர்ம்'. விட்டுக்கொடுக்காமல் நில் என்பதற்கும் 'ஸ்டாண்ட் ஃபர்ம்'தான், 'லி' வேண்டாம். விதி, தடை என்று வந்தால் 'ஸ்ட்ரிக்ட்லி': 'என்ட்ரி ஸ்ட்ரிக்ட்லி புரொஹிபிட்டட்' என்று பலகையில் பார்த்திருப்பீர்களே. இடைவெளியே இல்லாத இறுக்கத்துக்கு 'டைட்லி'. கூட்டத்தில் குழந்தையின் கையை ஃபர்ம்லி பிடிக்கலாம். ரொம்ப டைட்லி பிடித்தால் வலிக்கும்.

உச்சரிப்பில் 'பர்ம்லி' என்று பகரத்தில் ஆரம்பிக்காதீர்கள். மேல் பல்லைக் கீழ் உதட்டில் லேசாக வைத்துக் காற்றை விடுங்கள், 'ஃப' வந்துவிடும்.

இப்போது நீங்கள். 'கதவை நல்லா அழுத்தி மூடு', 'கடன் தரமாட்டேன்னு கறாரா மறுத்துட்டார்.' இரண்டையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு விடையைப் பாருங்கள்.

விடை: 'குளோஸ் த டோர் ஃபர்ம்லி.' 'ஹி ஃபர்ம்லி ரெஃப்யூஸ்டு டு கிவ் கிரெடிட்.'